அண்ணி எழுந்திருக்க வேண்டாம்

என் அம்மாவை நான்தான் குளிப்பாட்டுகிறேன். துணி மாற்றுவதும், பெட் பேன் வைப்பதும் நான்தான். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் ஆண்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போவார்கள். பெண்கள் "ஐயோ பாவம்" என்பார்கள். யார் பாவம் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு ஒரு இடத்தில் ஒரு வருஷம் தொடர்ந்து இருந்ததில்லை. லாரியில் கிளீனர், திருப்பதியில் ஓட்டல் வேலை, பூனாவில் டீக்கடை, பெங்களூர் மண்டியில் மூட்டை தூக்கியது என்று போயிற்று. பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறேன், பட்டினி கிடந்திருக்கிறேன். அதெல்லாம் பெரிய கதை இல்லை, ஊர் சுற்றுகிறவனுக்கு அது சம்பளத்தில் பிடித்தம் மாதிரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எப்போதாவது திருவண்ணாமலைக்கு வருவேன். அண்ணி சோறு போடுவாள். சாப்பிட்டுவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு கொஞ்ச நாள் இருப்பேன். பிறகு ஒரு நாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவேன்.

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருக்கிறது. மாடியில் ஒரு அறை. அதை ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில்தான் வீடு ஓடுகிறது. அண்ணன் நெஞ்சுவலியில் போன பிறகு அந்த வீட்டில் இருந்தது இரண்டு பேர்: அம்மாவும் அண்ணியும். அண்ணியின் ஒரே மகளை ஓசூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. அண்ணி நினைத்திருந்தால் மகளோடு போயிருக்கலாம், போகவில்லை. "அத்தைய யாரு பாக்கறது?" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். கம்பி வைத்தார்கள். கம்பி நின்றது, அம்மா நிற்கவில்லை. அன்று முதல் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு எல்லாம் அண்ணியின் கைதான். அம்மா பருமனான உடம்பு. அண்ணி குச்சி மாதிரி இருப்பாள். வருஷக்கணக்கில் அப்படியே தூக்கினாள். ஒருவரும் தப்பாக எதுவும் செய்யவில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

போன தடவை நான் வந்தபோது அண்ணி ஒரு குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னா அண்ணி?"

"ஒண்ணுமில்ல தம்பி. வயித்துல சின்னக் கோளாறு."

சின்னக் கோளாறு என்றால் பெரிதாகத்தான் இருக்கும் என்று தெரியும். ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். உள்ளே போய்ப் பரிசோதனை முடிந்ததும் டாக்டரம்மா என்னையும் கூப்பிட்டார்.

"நீங்க வீட்டுக்காரரா?"

"கொழுந்தன்."

"பரவால்ல, உக்காருங்க. உங்க அண்ணிக்கு கர்ப்பப்பை இறங்கியிருக்கு. ரொம்ப நாளா வெயிட் தூக்கியிருக்காங்க. ஆபரேஷன் பண்ணணும். அதுக்கப்புறம் தண்ணிக்குடம் கூட தூக்கக் கூடாது."

அண்ணி சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முன்னால் இதைக் கேட்க வேண்டியிருந்தது அவளுக்கு ஆபரேஷனைவிடக் கஷ்டம். வெளியே வந்ததும், "யாருகிட்டயும் சொல்லாதீங்க தம்பி" என்றாள். நான் வழியிலேயே அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். சொல்லாமல் இருந்து இருந்துதான் இவ்வளவு தூரம் வந்தது.

அக்கா எனக்கு மூத்தவள், அண்ணனுக்கு இளையவள். கீழ்பென்னாத்தூரில் இருக்கிறாள். மாடு, கடலைக்காடு, நெல் என்று ஓயாத வேலை. ஆனால் பௌர்ணமி தவறினதில்லை. தன் ஊர்ப் பெண்களோடு வந்து எங்கள் வீட்டில் பையை வைத்துவிட்டு, அண்ணி சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, வெறுங்காலோடு மலையைச் சுற்றப் போவாள். பதினாலு கிலோமீட்டர். முடித்துவிட்டு வந்தால் அண்ணி வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து திருநீறு பூசிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அந்தக் கண்ணீர் பொய் இல்லை. அம்மாவின் துணியை மட்டும் தொடமாட்டாள். கட்டிக்கொடுத்த பெண் தாய்வீட்டுக்கு விருந்தாளி, உடம்பு வேலை மருமகளுக்கு உரியது. அது யாரும் எழுதி வைக்காத சட்டம். அக்காவே தன் மாமியாருக்கு அப்படிச் செய்து முடித்தவள்தான்.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்ததும் அக்கா வந்துவிட்டாள்.

"தீபம் முடியட்டுமே அண்ணி. இத்தினி நாளு பொறுத்தீங்க."

அண்ணி வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீங்க படுத்துக்கினா அம்மாவ யாரு பாக்கறது?" என்றாள் அக்கா.

அண்ணியை யார் பார்ப்பது என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அங்கேதான் சூடு ஏறியது.

"நான் பாக்கறேன்" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டாள். "நீயா? சட்டை காயறதுக்குள்ள பஸ் ஏறிடுவ."

"ஏறல."

"டேய், சோறு ஊட்டறதச் சொல்லல. மத்ததெல்லாம் யாரு செய்வாங்க? பெத்த தாயி ஒடம்ப ஒரு ஆம்பளப் புள்ள பாக்கறதாடா? ஊர்ல காறித் துப்புவாங்க."

"அப்ப நீ செய்."

அண்ணி அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள். "நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றாள். அவ்வளவுதான். அவள் அந்தக் குடும்பத்தில் தனக்காகச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

போளூரிலிருந்து அண்ணியின் தங்கை வந்து ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாள். அங்கே முடிந்ததும் போளூருக்கே அழைத்துப்போய் ஓய்வாக வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. அம்மாவோடு நான் மட்டும்.

முதல் நாள் அம்மா வாயைத் திறக்கவில்லை. இட்லி வேண்டாம், காபி வேண்டாம். டம்ளரில் தண்ணீர் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தாகமில்ல."

வெயில் கொளுத்தியது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. தாகமில்லையாம்! புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. குடித்தால் போக வேண்டும். போனால் நான்தான் இருக்கிறேன். அதற்காக அவள் குடிக்காமல் கிடந்தாள். அப்போது எனக்கு இன்னொன்றும் தோன்றியது. எத்தனை வீட்டில் எத்தனை கிழவிகள் இப்படித் தொண்டையை அடைத்துக்கொண்டு கிடக்கிறார்களோ! பிள்ளைகள் பக்கத்தில் நின்று 'அம்மாவுக்கு இப்பல்லாம் பசியே கம்மி' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி போன் செய்தாள். மறுநாள்தான் ஆபரேஷன்.

"அத்த தண்ணி குடிச்சாங்களா தம்பி?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா கையை நீட்டிப் போனைப் பிடுங்கினாள். "எல்லாம் ஆச்சிம்மா. சாப்ட்டேன், குடிச்சேன். நீ நிம்மதியா படு" என்றாள். குரல் காய்ந்த ஓலை மாதிரி வந்தது. போனைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நல்லா பொய் சொல்ற" என்றேன்.

டம்ளரை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தேன்.

"நீ குடிக்காத. சாயங்காலம் மயக்கம் போட்டு விழு. நான் போன் பண்ணுவேன். அண்ணி கட்டில்ல இருந்து எறங்கி ஓடி வந்துடும். ஆபரேஷனும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு சொல்லிடும். அதான் வேணுமா ஒனக்கு?"

அம்மா சுவரைப் பார்த்தபடியே கையை மட்டும் பின்னால் நீட்டினாள். டம்ளரை அதில் வைத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று கேட்டாள்.

அதன் பிறகு நடக்க வேண்டியது நடந்தது. புடவை, ரப்பர் ஷீட், பழைய வேட்டித்துணி எல்லாம் நனைந்துவிட்டன. வெந்நீர் கொண்டுவந்து வைத்தேன். அம்மா இரண்டு கையாலும் புடவையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் யோசித்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"ம்மா, நான் ஒண்ணும் பாக்கல. கண்ணு கட்டிக்கிட்டேன். கைய எடு."

எனக்கு அது பெரிய யோசனையாகத் தெரிந்தது. கையை எடுத்தாள். நான் சொம்பில் தண்ணீரை மொண்டு, கழுவ வேண்டிய இடம் என்று நினைத்த இடத்தில் ஊற்றினேன். அது அம்மாவின் முகத்தில் விழுந்தது. "ஐயோ" என்று கத்தினாள். பதறிப் பின்னால் போனேன். வாளி காலில் இடறி, வெந்நீர் கட்டிலுக்கு அடியில் எல்லாம் ஓடியது. பிடிமானத்துக்குக் கையை நீட்டினேன், அது தலைமாட்டு நாற்காலி மேல் இருந்த முகப்பவுடர் டப்பாவில் பட்டு அதுவும் அம்மாவின் முகத்தில் கொட்டியது.

"டேய்! டேய் கம்மனாட்டி! மூக்குல தண்ணி போவுதுடா! கண்ணத் தொறடா!"

"நீ வெக்கப்படறியே..."

"வெக்கப்பட்டே என்னக் கொன்னுடுவ போலகீது! கழட்டுடா அந்தத் துண்ட!"

கழற்றினேன். அம்மா முகமெல்லாம் தண்ணீர், அதன் மேல் பவுடர். நான் முட்டி வரை நனைந்து நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் வயிறு முதலில் குலுங்கியது. அப்புறம்தான் சிரிப்பு என்று தெரிந்தது. பல் இல்லாத வாயை முழுதாகத் திறந்து, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. மாடியில் இருந்த வெள்ளைக்காரப் பெண் என்னவோ ஏதோ என்று பாதிப் படி இறங்கி எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு கண்ணைக் கட்டவில்லை. அம்மாவும் கையைக் குறுக்கே வைக்கவில்லை. பாதி மூடி, பாதி துடைத்து, ஒரு மாதிரி முறை வந்துவிட்டது. தூக்குவதற்கு மண்டிப் பழக்கம் உதவியது. மூட்டையைக் கையால் இழுக்கக் கூடாது, நம் இடுப்பை அதன் பக்கத்தில் கொண்டுபோய், முட்டியை மடக்கி, மூச்சைப் பிடித்து எழ வேண்டும். முதல் தடவை அப்படித் தூக்கியபோது, "நான் என்னா நெல்லு மூட்டையா?" என்றாள். "நெல்லு மூட்ட வாய் பேசாது" என்றேன். அன்றிலிருந்து எனக்கு 'மூட்டைத்தூக்கி' என்று பெயர் வைத்துவிட்டாள்.

அண்ணி அம்மாவின் துணிகளைத் துவைத்துப் பின்கட்டில், மற்ற துணிகளுக்கு நடுவில் மறைத்து உலர்த்துவாள். பின்கட்டில் வெயில் வராது. நான் முன்வாசலில் கொடி கட்டிக் காயப்போட்டேன். எதிர்வீட்டு அம்மா ஒரு நாள் வந்து நின்றார்.

"தம்பி, சாமி கும்புட வர்ற ஜனங்க போற எடம். இதெல்லாம் கண்ணுல படற மாதிரி..."

"துவைச்ச துணிதாங்க."

"அதுக்கில்ல..."

பௌர்ணமிக்குப் பௌர்ணமி இந்தத் தெருவில் முகம் தெரியாத ஆட்களுக்கெல்லாம் பாத்ரூமைத் திறந்துவிடுகிறார்கள். அதில் ஒருவருக்கும் அசிங்கம் தெரிவதில்லை. நாலு சுவருக்குள் கிடக்கும் சொந்தக் கிழவியின் துணிக்கு மட்டும் அசிங்கம் வந்துவிடுகிறது. இதை அவரிடம் சொன்னேன். அவர் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. கொடியை நான் அவிழ்க்கவும் இல்லை.

அடுத்த பௌர்ணமி வந்தது. மத்தியானமே அக்கா தன் கூட்டத்தோடு வந்தாள். கொடியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. கூட வந்த பெண்களை மாடிப்படியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சண்டை போட்டாள்.

"மானத்த வாங்கறியே!"

"யார் மானம்?"

"எல்லார் மானமும்தான். அம்மாவப் பாரு, எப்டி எளச்சிட்டா. போதும் ஒன் வீம்பு. நான் அண்ணிகிட்ட நேத்தே சொல்லிட்டேன், கெளம்பி வரச் சொல்லி. 'அம்மா சரியா சாப்புடல, கண்ணு உள்ள போய்ட்ச்சி'ன்னேன்."

அம்மாவைப் பார்க்காமலேயே நேற்று அப்படிச் சொல்லியிருக்கிறாள். "தையல் கூட ஆறியிருக்காதே."

"ஒக்காந்த எடத்துல இருந்து பாத்துக்கினாப் போதும். தூக்கவா சொன்னேன்?"

அண்ணியைத் தெரிந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். போளூருக்கு போன் போட்டேன். அப்போதே கிளம்பிவிட்டாள் என்று அவள் தங்கை அழுதாள். பௌர்ணமிக் கூட்டம் என்று வண்டிகளையெல்லாம் ஊருக்கு வெளியே மறித்துவிட்டார்கள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. போளூர் பஸ் வேங்கிக்காலோடு நின்றுவிடும். அங்கிருந்து எங்கள் தெரு ஊரின் மறுகோடி. ஆட்டோ கிடையாது. அம்மாவைத் தொடாத அக்காவிடம் விட்டுவிட்டு நான் எதிரே போகவும் முடியாது. அண்ணியின் போனுக்கு அடித்தால் கூட்டத்தில் எடுக்கவில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் அண்ணி வந்து சேர்ந்தாள். ஒரு கை வயிற்றில், ஒரு கையில் பை. செருப்பு பிய்ந்து வெறுங்காலோடு, கோயிலுக்கு வந்த கூட்டத்தோடு கூட்டமாக ஊர் முழுக்க நடந்து வந்திருந்தாள். நான் நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. நேரே அம்மாவின் கட்டிலுக்குப் போனாள். அம்மா தலையணையிலிருந்து சரிந்திருந்தாள். அண்ணி பழக்கத்தில் குனிந்து அம்மாவின் கக்கத்தில் கையைக் கொடுத்தாள்.

"தொடாத!"

அம்மாவுக்கு அவ்வளவு குரல் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. படியில் இருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அண்ணி கையை எடுத்துக்கொண்டு விக்கித்து நின்றாள்.

"அத்த..."

"நான் ஒங்கிட்ட வரச் சொன்னேனா? நான் சாப்புடலன்னு எந்தச் சிறுக்கி சொன்னது? நாலு இட்லி துன்னுட்டுக் கெடக்கறேன். ஒக்காரு அந்த நாற்காலில. இனிமே நீ என்னத் தூக்கன, நான் சோத்தத் தொடமாட்டேன். ஆமா சொல்லிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "டேய் மூட்டத்தூக்கி! என்னா வேடிக்க? வந்து தூக்கு. துணி நனஞ்சி எத்தினி நேரமாச்சி."

அக்கா கதவைச் சாத்தப் போனாள். "தொறந்தே இருக்கட்டும்" என்றாள் அம்மா. பிறகு என்ன நினைத்தாளோ, "பாதி சாத்து" என்றாள்.

பாதி சாத்திய கதவுக்குள் நான் என் வேலையைச் செய்தேன். அக்கா சுவரோடு ஒட்டி நின்று முதலில் தலையைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் பார்த்தாள். தன் மாமியாரைக் கவனித்துக்கொண்ட காலத்தில் அவளுக்கு யாரும் கை கொடுத்ததில்லை என்பது அவள் நின்ற விதத்தில் எனக்குத் தெரிந்தது. அதற்காக நான் இளகவில்லை.

"பதினாலு கிலோமீட்டர் நடக்கற ஒடம்பு ஒனக்கு" என்றேன், அம்மாவைச் சாய்த்து உட்கார வைத்தபடி. "மாசம் ஒரு தடவ வர்ற. வந்துட்டு ரெண்டு நாளு இரு. மலைய சுத்து, வேணாங்கல. சுத்திட்டு வந்து இதையும் செய்."

"கட்டிக் குடுத்த பொண்ணு..."

"கட்டிக் குடுத்தா கை அங்கியே போய்டுச்சா?" இது அம்மா. "இவன் கத்துக்கல? கண்ணக் கட்டிக்கினு என் மூக்குல தண்ணி ஊத்தனவன்டி இவன். நீ அவ்ளோ மோசமா செய்யமாட்ட."

வெளியே கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு போனது. கூட வந்த பெண்கள் அக்காவைக் கூப்பிட்டார்கள். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்களோடு போய்விட்டாள். மறுநாள் காலையில் பாதம் வீங்கி வந்தாள். அண்ணி வழக்கம்போல வெந்நீர் போட எழுந்தாள்.

"அண்ணி, எழுந்திருக்க வேணாம்" என்றேன். நானே போட்டு அக்காவின் காலடியில் வைத்தேன். அவள் காலை நனைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "எந்தப் பக்கம் நின்னு தூக்கற நீ?" என்று கேட்டாள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அக்கா இரண்டு பௌர்ணமிக்கு ஏதாவது சாக்குச் சொன்னாள். மாடு கன்று போட்டது, கடலை பறிப்பு என்று. நான் விடவில்லை, நாள்தோறும் போன் போட்டேன். அண்ணிக்கும் சும்மா உட்காரத் தெரியவில்லை. வாளியைத் தொடுவாள், நான் கத்துவேன், அவள் முறைப்பாள். எனக்கோ கால் அரித்தது. ராத்திரியும் பகலும் ஒரே கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க நான் பிறக்கவில்லை. அதை வெட்கப்படாமல் எல்லாரிடமும் சொன்னேன். பார்த்துக்கொள்கிறவன் செத்துப் பிழைத்தால்தான் பாசம் என்று நினைக்கிறார்கள். அண்ணி அப்படித்தான் பார்த்தாள், அதன் பலனை டாக்டரம்மா சொன்னார். நான் அப்படிப் பார்ப்பதாக இல்லை. இரண்டு நாள் வெளியே போனால்தான் மறுபடி வந்து தூக்குவேன்.

கடைசியில் ஒரு பௌர்ணமிக்கு அக்கா முந்தின நாளே வந்துவிட்டாள், தனியாக, மாற்றுத்துணியோடு. நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினேன். வேலை ஒன்றும் இல்லை, மண்டியில் பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான்.

பஸ் செங்கத்தைத் தொடுவதற்குள் போன் அடித்தது. அக்கா.

"டேய், அம்மா பண்றதப் பாருடா. தொட்டாலே கத்தறா."

"அண்ணி எங்க?"

"நாற்காலிலதான் ஒக்காந்துனு கீறாங்க. எழுந்திருக்க வந்தாங்க, நான்தான் வேணாம்னேன்."

"அம்மாகிட்ட குடு."

கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம். பிறகு அம்மாவின் குரல், யாரோ தூரத்தில் இருப்பவனைக் கூப்பிடுகிற மாதிரி:

"ஒங்க அக்கா கை ஐஸு மாதிரி கீதுடா!"

"தேய்ச்சி சூடு பண்ணிக்கினு தொடச் சொல்லு" என்றேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.